ஜூடோ வீச்சும் சினிமாச் சண்டையும்

நிற்கிற மனிதரை விழவைக்கப் பலம் மட்டும் போதாது. பல நேரங்களில் அது தேவைப்படுவதும் இல்லை. நிமிர்ந்து நிற்பவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கிறது. அங்கிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு, இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த பரப்புக்குள் விழும்வரை ஆள் நிற்பார். கோடு அந்தப் பரப்பைத் தாண்டினால் காலை எடுத்து வேறிடத்தில் ஊன்றியாக வேண்டும். ஊன்ற முடியாவிட்டால் விழுந்தாக வேண்டும். ஜூடோவின் வீச்சுகள் அத்தனையும் இந்த ஒன்றை வைத்தே கட்டப்பட்டவை. எதிராளியின் கோட்டை வெளியே இழுப்பது, அவர் காலை மாற்றி ஊன்றவிடாமல் மறிப்பது என்ற இரண்டு வேலைகள்தான் அதில் உண்டு.

ஒருவர் எந்தப் பக்கம் விழுவார் என்பதை அவர் பாதங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டு கால்களையும் பக்கவாட்டில் அகட்டி நிற்பவரை இடமோ வலமோ தள்ளினால் லேசில் அசையமாட்டார். நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளினால் உடனே தடுமாறுவார். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்தவர் முன்பின் தள்ளுதலைத் தாங்குவார், பக்கவாட்டில் சாய்வார். இரண்டு பாதங்களையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசை எப்போதுமே பலவீனமானது. நாற்காலிக்கு நாலு கால், மனிதருக்கு இரண்டுதான். ஆகவே எவ்வளவு பெரிய பயில்வானும் எப்படி நின்றாலும் இரண்டு திசைகளில் காவலின்றித்தான் நிற்கிறார். நடக்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரு கால் அந்தரத்தில் இருக்கிற அந்த அரை நொடியில் உடல் முழுவதையும் ஒற்றைப் பாதம் தாங்குகிறது.

இதை முறையாக வகுத்துப் பாடமாக்கியவர் கானோ ஜிகோரோ. 1860இல் பிறந்தவர், குள்ளமானவர். டோக்கியோவில் மாணவராக இருந்தபோது ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆசான்களிடம் பயின்றார். 1882இல் எய்ஷோஜி என்ற புத்த கோயிலில், 12 பாய் விரித்த அறையில், கோதோகான் என்ற தமது ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆசான்கள் பிடிகளையும் பூட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கானோ எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற காரணத்தைத் தேடினார். ஒரு வீச்சை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். முதலில் எதிராளியின் நிலையைக் குலைக்க வேண்டும், இது குசுஷி. அடுத்து வீசுவதற்கு ஏற்ற இடத்தில் தன் உடலைப் பொருத்த வேண்டும்; இது ட்சுகுரி. கடைசியில்தான் காகே என்கிற வீச்சு. பார்ப்பவர் கண்ணில் படுவது மூன்றாவது மட்டும். காரியம் முடிவதோ முதலாவதில். நிலை குலையாத ஆளைத் தூக்க முயல்பவர் அந்த ஆளின் எடை முழுவதையும் சுமக்க வேண்டியிருக்கும். நிலை குலைந்த ஆள் ஏற்கனவே விழத் தொடங்கியவர். எந்தப் பக்கம் விழுவது என்று வழிகாட்டினால் போதும்.

இந்தக் கலை இந்தியாவுக்கு வந்தது சினிமா மூலம் அல்ல, கவிஞர் ஒருவர் மூலம். ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனுக்கு 1905இல் சனோ ஜின்னொசுகேயும், 1929இல் தகாகாகி ஷின்சோவும் ஜூடோ கற்பிக்க வந்தார்கள்.

ஒரு வீச்சைக் கிட்டே நின்று பார்க்கலாம். தோள் வீச்சு, ஜப்பானியப் பெயரில் செயோய் நாகே. எதிராளி வலக்கையை ஓங்கிக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வீசுபவர் அந்தக் கையின் முழங்கைப் பக்கத்தைப் பற்றி முன்னும் மேலுமாக இழுக்கிறார். எதிராளியின் குதிகால்கள் தரையைவிட்டு எழும்புகின்றன. எடை விரல் நுனிக்குப் போகிறது. நிலை அங்கேயே குலைந்தாயிற்று. வீசுபவர் அதே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி, முழங்கால்களை மடித்து, தம் இடுப்பை எதிராளியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய்ச் செருகுகிறார். அவருடைய இன்னொரு கை எதிராளியின் கக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இப்போது மடித்த முழங்கால்கள் நிமிர்கின்றன, முதுகு குனிகிறது. எதிராளி, மார்புப்பகுதி ஒரு பக்கமும் கால்கள் மறுபக்கமுமாக, வீசுபவரின் முதுகை அச்சாகக் கொண்டு சுழன்று, மல்லாந்து தரையில் விழுகிறார். கை இழுத்தது உண்மை. ஆனால் தூக்கியது தொடை. ஒல்லியான பெண்ணொருத்தி தடித்த ஆளைத் தோள்மேல் புரட்டிப் போடுவதில் மாயம் ஒன்றும் இல்லை. அவள் இடுப்பு அவன் இடுப்புக்குக் கீழே போயிருக்க வேண்டும், இரண்டு உடல்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி கூடக்கூட அவன் எடையின் திருப்புத்திறன் அவளுக்கு எதிராக வேலை செய்யும்.

இத்தாலிய ஆய்வாளர் அத்திலியோ சாக்ரிபாந்தி வீச்சுகள் எல்லாவற்றையும் இயக்கவியல் கணக்கில் இரண்டே குடும்பங்களாகப் பிரித்தார். ஒன்று நெம்புகோல் குடும்பம். தோள் வீச்சும் இடுப்பு வீச்சுகளில் பலவும் அதைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் முட்டுக்கொடுத்து அதன்மேல் புரட்டுவது அவற்றின் வழி. மற்றது பள்ளிக்கூட இயற்பியலில் இரட்டை என்று படிக்கிறோமே, அந்தக் குடும்பம். சமமான இரண்டு விசைகள் எதிரெதிர்த் திசையில், சற்று விலகிய இரண்டு இடங்களில் வேலைசெய்து பொருளைச் சுழற்றும். கால் வாருதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எதிராளி அடுத்த அடி வைக்கிறார். பாதம் தரையைத் தொட்டுவிட்டது, எடை இன்னும் அதன்மேல் முழுதாக இறங்கவில்லை. அந்த நேரத்தில் உள்ளங்காலால் அதை வாரி, கைகளால் மேல்உடம்பை எதிர்ப்பக்கம் திருப்பினால் ஆள் படுத்த வாக்கில் விழுகிறார். கொஞ்சம் முந்தினால் வெறுங்காலைத் தட்டுவதாகும், பிந்தினால் தூணை உதைத்ததாகும். ஜூடோவில் பலமே வேண்டாத வீச்சு இதுதான். பழகுவதற்கு மிகக் கடினமானதும் இதுதான்.

மூன்றாவதாக ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும், சினிமாக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது என்பதால். தோமோயே நாகே என்பது அதன் பெயர். எதிராளி வேகமாகத் தள்ளிக்கொண்டு வரும்போது வீசுபவர் எதிர்த்து நிற்காமல், அவர் சட்டையைப் பிடித்தபடி தாமே மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தை அவர் அடிவயிற்றில் வைத்துத் தலைக்குமேல் அனுப்பிவிடுகிறார். 70 கிலோ ஆள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் அவர் கொண்டுவரும் உந்தம் 210 கிலோகிராம் மீட்டர்/நொடி. அதைத் தடுத்து நிறுத்த அவ்வளவையும் வீசுபவர் செலவழிக்க வேண்டும். திசையை மட்டும் வளைத்துவிட அதில் சிறு பங்கு போதும். மீதி வேலையை வந்தவரின் வேகமே பார்த்துக்கொள்ளும். ஓடிவரும் அடியாளுக்கு இது பொருந்தும். அசையாமல் நிற்பவரிடம் இதைச் செய்துபார்த்தால் வீசுபவர் தரையில் படுத்துக் கிடப்பார், எதிராளி நின்றுகொண்டு பார்ப்பார்.

சின்ன ஆள் எப்போதும் பெரிய ஆளை வென்றுவிடுவார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1964இல், டோக்கியோவில். எடைப் பிரிவு இல்லாத போட்டியின் இறுதியில் ஜப்பானின் காமினாகா அகியோவை நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க் அமுக்கிப் பிடித்து வென்றார். கேசிங்கின் உயரம் கிட்டத்தட்ட 2 மீட்டர். நுட்பம் இரு பக்கமும் சமமாக இருந்தால் உடம்பு பேசும். எடைப் பிரிவுகள் இருப்பதற்குக் காரணமும் அதுவே. சினிமா இதைச் சொல்வதில்லை.

வீசப்பட்டவர் என்ன ஆகிறார்? ஜூடோ பள்ளியில் முதலில் கற்றுத்தருவது வீசுவதை அல்ல, விழுவதை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்துப் பின்தலையைக் காப்பது, முதுகைப் பந்துபோல் வளைப்பது, உடல் தரையைத் தொடும் அதே நேரத்தில் நீட்டிய கையால் பாயை ஓங்கி அறைவது. அறைகிற சத்தத்தைக் கேட்டு வலியின் சத்தம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மோதலைக் கையும் தோளும் முதுகும் இடுப்பும் பகிர்ந்துகொள்ளச் செய்கிற உத்தி அது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர் வேகத்தில் இருக்கும். 70 கிலோ ஆளுக்கு உந்தம் சுமார் 310. அது 0.01 நொடியில் நின்றால் உடல் வாங்கும் சராசரி விசை 31,000 நியூட்டன், 0.1 நொடியில் நின்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. முதல் கணக்கில் உடல் நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் 2 சென்டிமீட்டர்தான், அதாவது வெறும் சதை நசுங்கும் தூரம். இரண்டாவதில் 22 சென்டிமீட்டர், அதாவது தடித்த மெத்தை அமுங்கும் தூரம். படப்பிடிப்புத் தளத்தில் பெட் போடுவதா, மணல் கொட்டுவதா, காலி அட்டைப்பெட்டிகளை அடுக்குவதா என்ற பேச்செல்லாம் இந்த 2க்கும் 22க்கும் இடையில் நடக்கிற பேச்சு.

சினிமாச் சண்டையில் குத்துக்கும் வீச்சுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. குத்து என்பது திரையில் முழுக்கவே பம்மாத்து. முஷ்டி முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போகிறது. கேமரா அந்த ஒரு சாணை மறைக்கும் கோணத்தில் நிற்கிறது. வாங்குபவர் தலையை வெட்டுகிறார். சத்தத்தைப் பிறகு சேர்க்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. வீச்சில் அப்படி முடியாது. வீசியது நடிப்பாக இருக்கலாம், விழுவது நிஜம். ஈர்ப்பு விசைக்கு நடிக்கத் தெரியாது. தோள்மேல் புரண்டு போகிறவர் சண்டைக் கலைஞர்தான் என்றாலும், அவர் உண்மையாகவே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறார்.

குத்து வாங்கியவர் பத்தடி தூரம் பறந்துபோய் விழுவதற்கும் கணக்கு உண்டு. முஷ்டியோடு சேர்ந்து மோதும் நிறை 4 கிலோ என்றும், வேகம் நொடிக்கு 9 மீட்டர் என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். உந்தம் 36. அது முழுவதும் 70 கிலோ உடலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அந்த உடல் பெறும் வேகம் நொடிக்கு அரை மீட்டர். ஓர் அடி பின்வைத்துத் தடுமாறுவார். சுவரை உடைத்துக்கொண்டு போகமாட்டார். அப்படிப் போகவேண்டுமானால் குத்தியவரும் அதே உந்தத்தோடு எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. கதாநாயகர்களுக்கு மட்டும் அந்த விதி விலக்கு அளித்திருக்கிறது. வீச்சில் இந்தச் சிக்கல் இல்லை. வீசுபவர் தரையில் காலூன்றி, தம் உடலை அச்சாக்கி, எதிராளியின் எடையையும் வேகத்தையும் கொண்டே அவரைச் சுழற்றுகிறார். நம்பும்படியான சண்டையை எடுக்க விரும்பும் இயக்குநருக்கு இயற்கை கொடுத்திருக்கும் வசதி இது.

அந்த வசதியை முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் அகிரா குரோசாவா. 1943இல் வந்த அவருடைய முதல் படம் ‘சன்ஷிரோ சுகாதா’ ஒரு ஜூடோ வீரனின் கதை. கோதோகானின் தொடக்ககால வீரர் சைகோ ஷிரோவை ஒட்டி எழுதப்பட்ட நாவலிலிருந்து எடுத்தது. ஒரு போட்டியில் எதிராளி சுவரில் போய் மோதி விழுகிறான். கூட்டம் உறைந்து நிற்கிறது. அவனுக்கு மேலே இருந்த காகிதத் தட்டி ஒன்று பெயர்ந்து, மெதுவான ஓட்டத்தில் கீழே வருகிறது. வீசியதன் வேகத்தை, விழுந்தவனைக் காட்டாமல் விழுகிற தட்டியை வைத்துச் சொன்ன காட்சி அது. ஹாங்காங்கின் ஜானி டோ 2004இல் எடுத்த ‘த்ரோ டவுன்’ குரோசாவாவுக்குச் செலுத்திய வணக்கம். ஹாலிவுட்டில் ஜேம்ஸ் காக்னி 1945இலேயே ‘பிளட் ஆன் தி சன்’ படத்துக்காக ஜூடோ பழகிச் சண்டைபோட்டார். 1954, 1955 ஆண்டுகளில் அமெரிக்க ஜூடோ சாம்பியனாக இருந்த ஜீன் லெபெல் பிறகு சண்டைக் கலைஞரானார். யாரை வேண்டுமானாலும் வீசத் தெரிந்த அந்த மனிதர் பல பத்தாண்டுகள் சம்பளம் வாங்கியது, நடிகர்களின் கையால் வீசப்பட்டு விழுவதற்காக.

தமிழுக்குக் கட்டிப்பிடிச் சண்டை புதிதல்ல. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்று 80ஆம் பாடலில் கையைப் பற்றிய பேச்சைவிடக் காலைப் பற்றிய பேச்சே முக்கியம். ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்துகிறது, மற்றது பின்னே ஊன்றி அவன் தந்திரத்தைத் தாங்குகிறது. சண்டையின் நிலையைப் பாதங்களில் படித்த புலவர் அவர். சினிமாவிலும் தொடக்கத்தில் மல்யுத்தமும் சிலம்பமும் கத்திச் சண்டையுமே இருந்தன. சாண்டோ சின்னப்பா தேவர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து திரைக்கு வந்தவர். அவருடைய தேவர் பிலிம்ஸ் 1956இல் எடுத்த முதல் படமான ‘தாய்க்குப்பின் தாரம்’ எம்.ஜி.ஆர். காளையோடு மோதும் காட்சிக்காகவே பேசப்பட்டது.

ஜூடோவைப் பெயரிலேயே தாங்கியவர் குடியாத்தம் தந்த கே.கே. ரத்தினம். ‘ஜூடோ’ ரத்தினம் என்றால்தான் தெரியும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966இல் எடுத்த, ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ படத்தில் ஸ்டண்ட் மாஸ்டரானார். 1200க்கும் மேற்பட்ட படங்களில் பணிபுரிந்தார். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, பெஃப்சி விஜயன் போன்று பின்னாளில் பெயர்பெற்ற பல மாஸ்டர்கள் அவரிடம் வேலைபார்த்து வளர்ந்தவர்கள். 2023 ஜனவரி 26இல் காலமானார். ரஜினிகாந்தின் ஆரம்பகாலப் படங்கள் பலவற்றில் சண்டை அவருடையது. அவற்றில் ரசிகர்கள் முதலில் சொல்வது ‘முரட்டுக்காளை’யின் ரயில் சண்டை. ஏவி.எம். தயாரித்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அந்தப் படம் 1980இல் வந்தது. ‘வல்லவன் ஒருவ’னில் நாயகனாக இருந்த ஜெய்சங்கர் இதில் வில்லன்.

ஓடும் ரயிலின் கூரைமேல் சண்டைபோடுவது ஏன் முடிகிறது, ஏன் ஆபத்தாகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை உந்தத்தில் இருக்கிறது. ரயில் சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும்வரை, மேலே நிற்பவர்களும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். குதித்தாலும் ஏறக்குறைய அதே இடத்தில் இறங்குவார்கள். முகத்தில் அறையும் காற்று மட்டுமே தொல்லை. டிரைவர் பிரேக்கைத் தொட்டதும் கதை மாறுகிறது. ரயில் வேகம் குறைகிறது, மேலே நிற்பவரின் உடல் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. ஈர்ப்பு மையம் கூரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால், வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் குறைந்தாலே, எடை விழும் இடம் 10 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்துவிடும். அது பாதத்தின் விரல்பக்க விளிம்பை எட்டிவிடும் தூரம். வளைவில் போகும்போது இதே சங்கடம் பக்கவாட்டில் வரும். இத்தனையும் தோள் வீச்சின் முதல் கட்டம் செய்கிற வேலைதான்; இங்கே குசுஷியை ரயிலே செய்கிறது. ஆகவே கூரைமேல் நிற்பவர்கள் முழங்காலை மடித்து, காலை அகட்டி, தணிந்து நிற்பார்கள். அந்தத் தணிந்த நிற்பே காட்சிக்கு நம்பகத்தையும் கொடுக்கிறது. உடல் அஞ்சுவது தெரிகிறது.

‘முரட்டுக்காளை’யில் ரஜினி ஏற்ற பாத்திரத்தின் பெயர் காளையன், அவன் மாடுபிடிப்பவன். இந்த இடத்தில் திண்டுக்கல் சமவெளிக்காரர்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. கொசவபட்டி, தவசிமடை, புகையிலைப்பட்டி ஜல்லிக்கட்டு வாடிவாசல்களில் ஆண்டுதோறும் நடப்பது நிலை குலைப்பதன் பாடந்தான், அங்கே மாஸ்டர் மாடு. தேர்ந்த மாடுபிடி வீரர் எதிரே நின்று பாய்வதில்லை. வாடியைவிட்டு மாடு வெளியே வந்ததும் அது போகும் திசையிலேயே பக்கத்தில் இரண்டு மூன்று எட்டு ஓடுகிறார். அவருக்கும் மாட்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம் குறைகிறது. அப்போதுதான் திமிலை அணைத்தால் கை நிற்கும். நின்ற இடத்திலிருந்து தாவி அணைப்பவரின் கையை மாட்டின் உந்தம் பிடுங்கி எறிந்துவிடும். அணைத்த பிறகு நெஞ்சை மாட்டோடு ஒட்டவைக்கிறார். தோள் வீச்சில் இடைவெளி கூடாது என்பதும் இதுவும் ஒரே விதி. மாடு நாலு காலில் நிற்பது. இரண்டு கால் ஆளைப்போல் அதைச் சாய்க்க முடியாது, சாய்ப்பது ஆட்டத்தின் நோக்கமும் அல்ல. அது துள்ளி, அந்தரத்திலேயே உடலை முறுக்குகிறது. வீரரின் உடல் பழைய திசையில் போகப் பார்க்கும், மாடு வேறு திசைக்குத் திரும்பியிருக்கும். பிடி கழன்றால் ஆள் தரையில். 2017இல் வகுத்த விதிகளின்படி திமிலை மட்டுமே பிடிக்கலாம். 15 மீட்டர் தூரம், அல்லது 30 நொடி, அல்லது மூன்று துள்ளல் தாங்கினால் வீரர் வென்றார். களத்தில் தென்னைநார்க் கழிவு பரப்புவது மேலே கண்ட 22 சென்டிமீட்டர் கணக்குக்காகத்தான். சினிமா மாடுபிடிக் காட்சிகளில் பெரும்பாலும் காணாமல் போவது அந்த இரண்டு மூன்று எட்டு ஓட்டம். நாயகர் அசையாமல் நின்று கொம்பைப் பிடிக்கிறார். தவசிமடையில் மாடுபிடி பார்த்தவர்கள் அந்தக் காட்சியில் சிரித்துவிடுவார்கள்.

வீச்சைப் படமெடுக்கும் முறைக்கு வரலாம். போட்டியில் எதிராளி எதிர்ப்பார். படப்பிடிப்பில் ஃபைட்டர் ஒத்துழைப்பார். நடிகர் கையைப் பிடித்துத் திரும்பும் அந்த நேரத்தில் ஃபைட்டர் தம் கால்களால் தரையை உந்தி எழும்புகிறார். பாதி வீச்சு அவருடைய குதிப்பு. நடிகரின் இடுப்பு சரியான இடத்தில் இல்லாவிட்டாலும் அந்தக் குதிப்பு குறையை மூடிவிடும். ஜூடோவில் எதிராளியின் சட்டை முரட்டுத் துணியால் ஆனது, காலரையும் கைப்பகுதியையும் பிடித்து இழுக்கலாம். நம் படங்களில் அடியாள் போட்டிருக்கும் சட்டை கிழிந்துதான் போகும். ஆகவே காலர் பிடிக்கும் வீச்சுகளைவிட ஒரு கையை அணைத்துப் புரட்டும் தோள் வீச்சு திரைக்குத் தோதானது. மணிக்கட்டோ முழங்கையோ கிடைத்தால் போதும்.

கேமரா செய்யும் தவறு ஒன்று உண்டு. கையைப் பிடிப்பது ஒரு ஷாட், தரையில் விழுவது அடுத்த ஷாட், நடுவில் கட். நிலை குலைவது அந்தக் கட்டுக்குள் விழுந்து காணாமல் போகிறது. பார்ப்பவருக்கு ஓர் ஆள் இங்கே இருந்தார், பிறகு அங்கே கிடந்தார் என்று மட்டுமே தெரிகிறது. சத்தத்தை எவ்வளவு ஏற்றினாலும் எடை வராது. வீச்சு நம்பும்படி இருக்கவேண்டுமானால் ஃபைட்டரின் குதிகால் எழும்புவது தெரிய வேண்டும். அதற்கு முழு உடலும் பாதம்வரை ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், பக்கவாட்டுக் கோணம் வேண்டும், எழும்புவதிலிருந்து விழுவதுவரை வெட்டாத ஒரே ஷாட் வேண்டும். அதாவது நடிகருக்குப் பயிற்சி வேண்டும், டூப் போட இடமில்லை. ‘ஜான் விக்’ 2014இல் பெற்ற பாராட்டில் பெரும்பங்கு இதற்கானது. அதை இயக்கிய சாட் ஸ்டாஹெல்ஸ்கி சண்டைக் கலைஞராக இருந்தவர். நடிகருக்கு ஜூடோவும் ஜுஜுட்சுவும் பழக்கி, கேமராவைத் தள்ளிவைத்துப் படமெடுத்தார்.

தமிழில் ரோப் வந்த பிறகு வீச்சு ஏறக்குறைய அழிந்தது என்றே சொல்ல வேண்டும். கயிற்றில் கட்டி இழுக்கப்படும் ஆளின் உடல் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றிச் சுழல்வதில்லை, கயிறு கட்டிய இடுப்பிலிருந்து தொங்குகிறது. முன்னே போகும் இடுப்பு, பின்னால் இழுபடும் கைகால்: கிராஃபிக்ஸில் கயிற்றை அழித்தாலும் கயிற்றின் அடையாளம் உடலில் தங்கிவிடுகிறது. புராணப் படத்துக்கு அது பொருந்தும். ஊர்ச் சண்டைக்குப் பொருந்தாது. பக்கத்து மொழியில் 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ இதற்கு நல்ல மறுமொழி. அதன் கடைசிச் சண்டை இரண்டு கனத்த மனிதர்கள் ஒருவரையொருவர் பிடித்து, மூச்சுவாங்கி, நிலை தேடி, தரையில் உருளும் சண்டை. யாரும் பறக்கவில்லை. அந்தப் படத்தின் சண்டை அமைப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

விழுவது நிஜம் என்பதால் ஆபத்தும் நிஜம். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில் கார் சாகசக் காட்சியின்போது சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். கார் பாய்வதும் ஆள் புரள்வதும் ஒரே கணக்குக்கு உட்பட்டவை. நிற்பதற்குக் கிடைக்கும் தூரமும் நேரமும் குறைந்தால் விசை கூடும். வீச்சில் தவறாக விழுந்தால் கழுத்திலும் தோளிலும் அடிபடலாம். கையை முன்னே நீட்டித் தரையை ஊன்ற முயன்றால் மணிக்கட்டு முறியும். பழகாத நடிகர் பயத்தில் செய்யும் முதல் காரியம் அதுதான். தனியாக விழப் பழகாத யாரையும் வீச்சுக் காட்சியில் நிறுத்தக் கூடாது, ஒத்திகைக்குக் கூட.

அமெரிக்க ஆஸ்கர் அமைப்பு சண்டை வடிவமைப்புக்கான விருதை 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து, 2028இல் நடக்கும் 100ஆவது விழாவில் வழங்கப்போவதாக அறிவித்திருக்கிறது. இந்தியா அதற்கு முந்திக்கொண்டது. 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான 64ஆவது தேசிய விருதுகளிலேயே சண்டை அமைப்புக்குத் தனி விருது வந்துவிட்டது. அது சண்டையை அமைக்கும் மாஸ்டருக்கான விருது. விழுகிற ஃபைட்டருக்கென்று தேசிய விருதுப் பட்டியலில் பிரிவு ஏதும் இல்லை.